ஜெஃப் கோரி: இரண்டு பெயர்களைச் சொல்ல மறுத்த நடிகர்

1947ஆம் ஆண்டு வெளியான 'புரூட் ஃபோர்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தின் இறுதிப் பகுதி. சிறையிலிருந்து தப்பத் திட்டமிட்ட கைதிகள், தங்களில் ஒருவனே அந்தத் திட்டத்தை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான் என்பதை அறிந்துகொள்கிறார்கள். அவனைப் பிடித்து, தண்டவாளத்தில் ஓடும் சுரங்க வண்டியொன்றின் முன்புறத்தில் கட்டுகிறார்கள். வெளியே இயந்திரத் துப்பாக்கிகளோடு காவலர்கள் காத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிகளை நோக்கி வண்டியைத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு அவன் கேடயமாகிறான்.

'ஃப்ரெஷ்மன்' என்று அழைக்கப்படும் அந்தக் கைதியாக நடித்தவர் ஜெஃப் கோரி. ஊடகக் கற்கை படித்த காலத்தில் எங்களுக்கு இந்தப் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். விரிவுரை முழுவதும் ஒளி, நிழல், கமராக் கோணம் என்றே போனது. 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்காத ஊரிலிருந்து போன எனக்கு, வண்டியில் கட்டப்பட்டவனின் முகத்தைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. அந்த முகத்துக்கு உரியவர் யார் என்று தேடியபோதுதான் மிச்சக் கதை தெரியவந்தது. படம் வெளியாகி நான்கு ஆண்டுகளில், தன் நண்பர்களின் பெயர்களைச் சொல்லும்படி அவரையே அமெரிக்க அரசின் விசாரணைக் குழு அழைத்தது. அவர் சொல்லவில்லை. அதன் பிறகு ஏறத்தாழ 12 ஆண்டுகள் எந்த ஹொலிவூட் படத்திலும் அவரது முகம் வரவில்லை.

கோரி ஒரு குணசித்திர நடிகர். கதாநாயகனுக்கு வழிசொல்லும் முதியவர், மதுக்கடையில் சண்டை தொடங்கி வைப்பவர், வைத்தியர், ஷெரிஃப், கூட்டத்தைத் தூண்டிவிடுபவர் என்று வந்துபோகும் வேடங்கள்தான் அவருக்கு வாய்த்தன. அடர்ந்த புருவமும் ஒடுங்கிய முகமும் அடித்தொண்டைக் குரலுமாக இருப்பார். பார்வையாளருக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. ஒரு நட்சத்திரம் திரையிலிருந்து மறைந்தால் பத்திரிகை கேட்கும், ரசிகர் கேட்பார். இப்படியான ஒருவர் மறைந்தால் யாரும் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு இன்னொரு முகம் வந்துவிடும். கறுப்புப் பட்டியல் பற்றிய நூல்களும் படங்களும் பெரும்பாலும் பெரிய எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் சுற்றியே எழுதப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புரூக்ளினிலிருந்து யோர்க்டவுன் கப்பல் வரை

அவரது இயற்பெயர் ஆர்தர் ஸ்வெர்லிங். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். நாடகப் பள்ளியில் படித்து, மேடைகளில் சிறு வேடங்கள் ஏற்று, 1940இல் ஹொலிவூட்டுக்குப் போனார். தொடக்க காலப் படங்கள் பலவற்றில் பெயர்ப் பட்டியலில்கூட அவர் இல்லை. ஓரிரு வசனம், அவ்வளவுதான்.

அந்த ஆண்டுகளில் அவருக்கு முக்கியமாக அமைந்தது 'அக்டர்ஸ் லாப்' என்ற நாடகக் குழு. நியூயோர்க்கின் 'குரூப் தியேட்டர்' வழிவந்த நடிகர்கள் ஹொலிவூட்டில் 1941இல் உருவாக்கிய இந்தப் பட்டறையின் ஆரம்பகாலத்தவர்களில் கோரியும் ஒருவர். ஸ்டூடியோக்களில் பிழைப்புக்காக நடித்துவிட்டு, மாலையில் இங்கே வந்து தொழிலைக் கற்றார்கள், கற்பித்தார்கள். போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் அரசின் கல்வி உதவியோடு இங்கே நடிப்புப் பயின்றனர். மர்லின் மன்றோவும் இங்கு சிறிது காலம் வகுப்புக்கு வந்தவர். இடதுசாரிகளின் கூடாரம் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1950இல் இது மூடப்பட்டது. 'புரூட் ஃபோர்ஸ்' படத்தில் சிறை மேலதிகாரியாக வரும் ரோமன் போனன், வைத்தியராக வரும் ஆர்ட் ஸ்மித் ஆகியோரும் இந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே.

இடையில் போர் வந்தது. கோரி அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 'யோர்க்டவுன்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போர்க்களப் படப்பிடிப்பாளராகப் பணியாற்றினார். ஜப்பானிய தற்கொலை விமானமொன்று கப்பலைத் தாக்க வந்தபோது ஓடி ஒளியாமல் கமராவை அதன் மேலேயே வைத்திருந்தார். பசுபிக் போரின் மிகச் சிறந்த படக்காட்சிகளில் இதுவும் ஒன்று என 1945 ஒக்டோபரில் கடற்படை அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கியது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 'அமெரிக்க விரோதி' என்ற சந்தேகத்தில் விசாரிக்கப்பட்டவரும் இதே ஆள்தான்.

போரிலிருந்து திரும்பிய பின்னர் வேடங்கள் பெரிதாயின. 1946இல் வந்த 'த கில்லர்ஸ்' படத்தில் கொள்ளையர்களில் ஒருவனாக நடித்தார். சாகக் கிடக்கும் நிலையில், வைத்தியசாலைக் கட்டிலில் மயக்கத்தில் உளறுகிறான். அவன் வாயிலிருந்து விழுவதையெல்லாம் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு 'புரூட் ஃபோர்ஸ்'. பிறகு, அவரது முதற்கட்டத்தின் மிகச் சிறந்த வேடம் என்று நான் கருதும் 'ஹோம் ஒஃப் த பிரேவ்', 1949இல்.

இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்தர் லோரன்ட்ஸ் எழுதிய மேடை நாடகம் ஒன்றை ஸ்டான்லி கிரேமர் தயாரிக்க, மார்க் ரொப்சன் இயக்கினார். நாடகத்தில் யூதராக இருந்த படைவீரன் படத்தில் கறுப்பினத்தவராக மாற்றப்பட்டார். ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் நடித்த அந்த வீரனின் பெயர் பீட்டர் மொஸ். பசுபிக் தீவொன்றில் நடந்த பணியிலிருந்து திரும்பும்போது அவனது கால்கள் செயலிழந்துவிடுகின்றன. உடலில் காயம் எதுவும் இல்லை. நடந்ததும் நினைவில் இல்லை. அவனுக்குச் சிகிச்சையளிக்கும் இராணுவ உளவைத்தியராக கோரி வருகிறார். பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை, 'டொக்டர்' மட்டும்தான்.

மருந்து ஏற்றி, அரை மயக்கத்தில் அவனைப் பேச வைக்கிறார். பள்ளிக்கால நண்பனான ஃபிஞ்ச் சுடப்பட்டபோது அவனை விட்டுவிட்டு வர நேர்ந்தது மெல்ல மெல்ல வெளிவருகிறது. அதற்குக் கீழே இன்னொன்று புதைந்திருக்கிறது. நண்பன் சுடப்பட்ட அந்தக் கணத்தில், குண்டு தன் மேல் படவில்லையே என்ற ஒரு நிம்மதி அவனுக்கு வந்தது. அந்த நிம்மதிதான் காலைக் கட்டிப்போட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் விழும்போது எந்தப் படைவீரனுக்கும் அந்த உணர்வு வரும், அதற்கு நிறமும் இல்லை, வெட்கமும் இல்லை என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவனை நடக்க வைப்பதற்காக இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டும் காட்சி இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. மருத்துவ முறையாகவும் அது நம்பும்படியாக இல்லை. ஆனால் கோரி அந்த வேடத்தைக் கையாண்ட விதம் வேறு. அவர் கண்ணைத் துடைத்து ஆறுதல் சொல்பவராக நடிக்கவில்லை. மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பவராக நடிக்கிறார். உயிர் தப்பியவர்களின் குற்றவுணர்வை அமெரிக்கப் படமொன்று அவ்வளவு முன்னதாகவே நேராகப் பேசியிருக்கிறது என்பதும், அதைக் கேட்கும் முகமாக இவர் இருந்தார் என்பதும் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

1951இல் மட்டும் அரை டசினுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றுள் ஒன்று 'சூப்பர்மான் அன்ட் த மோல் மென்'. ஆழமான எண்ணெய்க் கிணறு வழியாக நிலத்தடியிலிருந்து சிறிய உருவம் கொண்ட மனிதர்கள் மேலே வருகிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். ஆனாலும் ஊர் பயந்து துவக்குகளோடு திரள்கிறது. அந்தக் கும்பலைத் தூண்டி நடத்துபவனாக கோரி நடித்தார். மலிவான, பிள்ளைகளுக்கான படம். கறுப்புப் பட்டியலுக்கு முன் அவர் நடித்த கடைசிப் படங்களில் ஒன்றாக இது அமைந்துவிட்டது.

விசாரணை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோதச் செயற்பாடுகள்' பற்றிய குழு 1947 ஒக்டோபரில் ஹொலிவூட் மீது பார்வையைத் திருப்பியது. 'புரூட் ஃபோர்ஸ்' திரைக்கு வந்த அதே ஆண்டு. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்குப் பதிலளிக்க மறுத்த பத்துப் பேர் காங்கிரசை அவமதித்ததாகக் குற்றங்காணப்பட்டு 1950இல் சிறை சென்றனர். பேச்சுச் சுதந்திரத்தைப் பாதுகாக்கும் முதலாவது திருத்தம் தங்களைக் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். காப்பாற்றவில்லை. 1947 நவம்பரில் நியூயோர்க்கின் வோல்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடிய ஸ்டூடியோ முதலாளிகள், அந்தப் பத்துப் பேரை வேலையிலிருந்து விலக்குவதாகவும், தெரிந்துகொண்டே எந்தக் கம்யூனிஸ்டுக்கும் வேலை கொடுக்கமாட்டோம் என்றும் தீர்மானித்தனர். கறுப்புப் பட்டியல் என்று பின்னர் அழைக்கப்பட்டது இப்படித்தான் தொடங்கியது. அப்படி ஒரு பட்டியல் இருப்பதாக ஸ்டூடியோக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தொலைபேசி அடிப்பது நின்றுபோகும், அவ்வளவுதான்.

1951இல் இரண்டாவது அலை வந்தபோது, அழைக்கப்பட்டவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பதிலே சொல்லாமல் சிறைக்குப் போகலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைத் தரும் ஐந்தாவது திருத்தத்தைப் பயன்படுத்திச் சிறையிலிருந்து தப்பலாம், ஆனால் தொழில் போய்விடும். அல்லது ஒத்துழைக்கலாம். ஒத்துழைப்பது என்றால் 'நான் கட்சியில் இருந்தேன், தவறு செய்துவிட்டேன்' என்று சொல்வது போதாது. யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்ல வேண்டும். 'என்னைப் பற்றிச் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிச் சொல்லமாட்டேன்' என்ற நடுவழி சட்டப்படி அடைக்கப்பட்டிருந்தது. தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் ஐந்தாவது திருத்தப் பாதுகாப்பை இழந்துவிடுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்கப்பட்ட பெயர்களிற் பெரும்பாலானவை குழுவின் கையில் ஏற்கெனவே இருந்தவை. தகவல் தேவைப்பட்டதால் கேட்கவில்லை. இந்தக் காலத்தைப் பற்றி 'நேமிங் நேம்ஸ்' என்ற நூலை 1980இல் எழுதிய விக்டர் நவாஸ்கி, இதை ஒருவரைத் தாழ்த்தும் சடங்கு என்றே விளக்கினார். பெயர் சொல்பவர் குழுவின் முன் பணிந்துவிட்டார் என்று நாடு பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பெயர்கள்.

கோரி 1951 செப்டெம்பரில் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். வயது 37. மனைவியும் சிறு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்தாவது திருத்தத்தைப் பயன்படுத்தியதோடு நிற்காமல், தனக்கு முன் சாட்சியமளித்தவர்களின் 'நடிப்பு' எப்படி இருந்தது என்று ஒரு நடிப்பாசிரியரைப் போல விமர்சனமும் செய்தார். குழு அதை ரசிக்கவில்லை.

அவரை ஒரு கொள்கைத் தியாகியாக எழுதிவிடுவது சுலபம். அவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. தான் கட்சியை விட்டு விலகிப் பல ஆண்டுகளாகியிருந்தன என்றும், அந்த அரசியல் நிலைப்பாட்டைப் பாதுகாக்கும் ஆர்வம் தனக்கு இருக்கவில்லை என்றும் பின்னாளில் வழங்கிய செவ்வி ஒன்றில் சொன்னார். அவர் கணக்குப்படி பிரச்சினை மிகச் சிறியது. தொழிலைத் தொடர வேண்டுமானால் புதிதாக இரண்டு பெயர்களைக் கொடுக்க வேண்டும். அதை வைத்து அவர்கள் இன்னும் இரண்டு பேருக்கு அழைப்பாணை அனுப்புவார்கள். கொடுப்பதா, இல்லையா? தான் நம்பிக்கை இழந்துவிட்ட ஓர் இயக்கத்துக்காக அல்ல, அந்த இரண்டு பேருக்காகத்தான் அவர் தன் தொழிலை விட்டார். கொள்கைக்காக நிற்பதைவிட இது கடினமானது என்று நான் நினைக்கிறேன். கொள்கை கூடவே நிற்கும், உற்சாகம் தரும். இங்கே அதுவும் இல்லை.

பெயர் சொன்னவர்களை இலகுவாகத் திட்டிவிடவும் என்னால் முடியவில்லை. லீ ஜே. கொப் என்ற பெரிய நடிகர் நீண்ட காலம் மறுத்தார். வேலை இல்லை, கையில் காசு இல்லை, மனைவி வைத்தியசாலையில். 1953இல் உடைந்து இருபது பெயர்களைச் சொன்னார். இயக்குநர் எலியா கசான் 1952இல் எட்டுப் பெயர்களைச் சொன்னார். இருவரும் இணைந்த 'ஒன் த வோட்டர்ஃப்ரண்ட்' 1954இல் வந்தது. சாட்சி சொல்பவனே அதில் வீரன். ஏழு ஆண்டுகளுக்கு முந்திய 'புரூட் ஃபோர்ஸ்' படத்தில் சொல்பவன் சுரங்க வண்டியில் கட்டப்பட்டான். அதை இயக்கிய ஜூல்ஸ் டசினும் பெயர் சொல்லப்பட்டு, வேலை இழந்து ஐரோப்பாவுக்குப் போக நேர்ந்தது. பிரான்சில் 1955இல் எடுத்த 'ரிஃபிஃபி' படத்தில், அச்சத்தில் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துச் சுடப்பட்டுச் சாகும் கள்வனாக டசின் தானே நடித்தார். இவர்களில் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் திரையில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலும்.

கராஜ்

வேலை நின்றது. கோரி கட்டடவேலைகளில் கூலியாளாகப் போனார். முன்னாள் படைவீரர்களுக்கான கல்வி உதவியைப் பயன்படுத்தி லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சை படித்தார். வேறு தொழிலுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பதுதான் இதன் பொருள். அந்த நேரத்தில் சில இளம் நடிகர்கள் வந்து, சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்கள். வீட்டோடு இருந்த கராஜை ஒழுங்குபடுத்தி வகுப்பு ஆரம்பித்தார்.

அந்தக் கராஜுக்குள் வந்து போனவர்களின் வரிசை இன்று நம்புவதற்குக் கடினமாக இருக்கும். ஜேம்ஸ் டீன், அந்தனி பேர்கின்ஸ், ஜேம்ஸ் கொபர்ன், லெனார்ட் நிமோய், சாலி கெலர்மன், பின்னாளில் ஜேன் ஃபொண்டா. எம்ஜிஎம் நிறுவனத்தின் கேலிச்சித்திரப் பிரிவில் சிறு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த ஜக் நிக்கல்சன் என்ற இளைஞரும் 1950களின் பிற்பகுதியில் வந்தார். மலிவான படங்களை வேகமாக எடுத்துத் தள்ளிய ரொஜர் கோர்மன், இயக்குநராக இருப்பவருக்கு நடிகரின் வேலை புரிய வேண்டும் என்று தானும் மாணவராகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் நிக்கல்சனைச் சந்தித்தார். எழுத்தாளராக வர ஆசைப்பட்ட ரொபர்ட் டவுனையும் அங்கேதான் கண்டார். நிக்கல்சனின் முதற்படம் கோர்மன் தயாரித்தது. டவுனின் முதல் திரைக்கதையையும் கோர்மனே படமாக்கினார். அதே வகுப்பிலிருந்த கரோல் ஈஸ்ட்மன் 1970இல் 'ஃபைவ் ஈஸி பீசஸ்' எழுதினார். டவுன் 1974இல் 'சைனாடவுன்' எழுதி ஒஸ்கார் பெற்றார். இரண்டிலும் நாயகன் நிக்கல்சன். எழுபதுகளின் அமெரிக்க சினிமாவின் ஒரு முக்கிய கிளை, வேலை இழந்த ஒருவரின் வாகனக் கொட்டகையில் முளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

என்ன சொல்லிக் கொடுத்தார்? டவுன் பல தடவை விளக்கியிருக்கிறார். கோரி ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார். ஆனால் அந்தச் சூழ்நிலையைப் பற்றி நடிகர்கள் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. உதாரணமாகச் சொன்னால், பிரியப்போகும் கணவனும் மனைவியும் சந்தையில் வாங்க வேண்டிய சாமான்களைப் பற்றித்தான் பேச வேண்டும். பிரிவு என்ற சொல் வரக்கூடாது. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் விளங்க வேண்டும். வசனம் ஒரு பக்கம் போகும், விடயம் இன்னொரு பக்கம் கிடக்கும். இப்படி வாரக்கணக்கில் நிக்கல்சன் செய்ததைப் பார்த்துப் பார்த்துத்தான், உரையாடல் எழுதுவது என்றால் என்ன என்று கற்றதாக டவுன் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சொல்வது. எந்தக் காலத்தில், எந்த மனிதர் இந்தப் பயிற்சியை வடிவமைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது வெறும் நடிப்பு உத்தியாகத் தெரிவதில்லை.

இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. அவரை நடிக்க வைக்கப் பயந்த அதே ஸ்டூடியோக்கள், தங்கள் ஒப்பந்த நடிகர்களைப் பயிற்சிக்காக அவரிடம் அனுப்பின. ஆனால் இதை ஓர் இனிமையான முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 37 வயதிலிருந்து 49 வயதுக்கு அண்மித்த காலம் வரை, குணசித்திர நடிகர் ஒருவரின் முகம் முதிர்ந்து பெரிய வேடங்கள் தேடிவரும் பருவம். ஐம்பதுகளில் வந்த போர்ப் படங்கள், வெஸ்டர்ன் படங்கள், நீதிமன்றப் படங்கள் ஒன்றிலும் அவர் இல்லை. அந்த வேடங்களை வேறு யாரோ செய்துவிட்டார்கள். ஆசிரியராகக் கிடைத்த புகழ் அந்தப் படங்களைத் திருப்பித் தந்துவிடாது.

திரும்பி வந்த முகம்

1960இல் டால்டன் ட்ரம்போவின் பெயர் 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸொடஸ்' ஆகிய படங்களில் வெளிப்படையாக வந்ததோடு பட்டியல் உடையத் தொடங்கியது. எழுத்தாளர்கள் புனைபெயரில் பிழைத்திருந்தார்கள். நடிகருக்கு அந்த வழியும் கிடையாது, முகத்துக்குப் புனைபெயர் வைக்க முடியாதே. கோரி 1963இல் ஜோன் ஜெனேயின் நாடகத்தைத் தழுவிய 'த பால்கனி' படத்தில் பிஷப்பாக வந்தார். அவருடைய மாணவர் நிமோயும் அதில் இருந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் 'த அவுட்டர் லிமிட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் 'ஓ.பி.ஐ.ரி.' என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. பாதுகாப்பு ஆய்வுகூடமொன்றில், அங்கிருக்கும் எவரையும் எந்நேரமும் கண்காணிக்கக்கூடிய இயந்திரமொன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஊழியர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்து உடைந்துபோகிறார்கள். அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பானவராக, பூமியைச் சேராத ஒருவராக, கோரி நடித்தார். கண்காணிக்கப்பட்டவர் கண்காணிப்பவராக வந்தார். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

1966இல் ஜோன் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய 'செகண்ட்ஸ்'. வாழ்க்கை அலுத்த நடுவயது மனிதர் ஒருவருக்கு, இறந்துவிட்டதாக உலகத்தை நம்பவைத்து, புதிய முகமும் புதிய பெயரும் விற்கும் நிறுவனம் பற்றிய கதை. அந்த மனிதராக வரும் ஜோன் ரண்டொல்ஃப், நிறுவனத்தின் முதியவராக வரும் வில் கீர், இன்னொரு வேடத்தில் வரும் நெட்ரிக் யங், கோரி ஆகிய நால்வரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். போலி மரணத்துக்கான ஏற்பாடுகளையும் செலவையும் விளக்கும் முகவர் கோரி. விளக்கிக்கொண்டே வாடிக்கையாளருக்கு வந்த கோழிச் சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறார். ஒரு மனிதனின் பெயரை அழிக்கும் வேலை எவ்வளவு சாதாரணமான அலுவலக வேலை என்பதை அந்தக் கோழி சொல்லிவிடுகிறது.

1967இல் 'இன் கோல்ட் பிளட்'. கொலையாளிகளில் ஒருவனின் தகப்பனாக நடித்தார். இயக்குநர் ரிச்சர்ட் புரூக்ஸ், இருபது ஆண்டுகளுக்கு முன் 'புரூட் ஃபோர்ஸ்' திரைக்கதையை எழுதியவர். 1969இல் 'புட்ச் கஸ்ஸிடி அன்ட் த சன்டான்ஸ் கிட்' படத்தில், தன்னிடம் ஒளிக்க வரும் இரண்டு கொள்ளையரிடமும் உங்கள் காலம் முடிந்துவிட்டது, இனி எங்கே சாவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது என்ற கருத்தைச் சொல்லும் வயதான ஷெரிஃப் அவர்தான். உதவினார் என்று சந்தேகம் வராதிருக்கத் தன்னைக் கட்டிப்போடச் சொல்கிறார். படத்தில் சில நிமிடங்கள்தான். படத்தின் முடிவு முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்குள் இருக்கிறது.

அதே ஆண்டு 'ட்ரூ கிறிட்'. சிறுமியின் தகப்பனைக் கொன்றுவிட்டு ஓடும் டொம் சேனி கோரிதான். அவனைத் தேடிப்போகும் மார்ஷலாக ஜோன் வெய்ன். ஹொலிவூட்டிலிருந்து கம்யூனிஸ்டுகளை அகற்றப் பாடுபட்ட அமைப்புக்கு, பட்டியல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் தலைவராக இருந்தவர் வெய்ன். திரைக்கதை எழுதிய மார்கரெட் ரொபேர்ட்ஸ், பெயர் சொல்ல மறுத்துப் பட்டியலில் அடைபட்டிருந்தவர். வெய்ன் அந்தத் திரைக்கதையைப் பெரிதும் பாராட்டினார். அந்தப் படத்துக்காகத்தான் அவருக்கு ஒரேயொரு ஒஸ்கார் கிடைத்தது.

இவையெல்லாவற்றையும் விட என்னை நிறுத்தியது ஒரு தொலைக்காட்சி அத்தியாயம். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1969 பெப்ரவரியில் ஒளிபரப்பான 'த கிளவுட் மைண்டர்ஸ்'. மேகத்தில் மிதக்கும் அழகிய நகரத்தில் மேட்டுக்குடியினர் கலைகளோடு வாழ்கிறார்கள். கீழே நிலத்தடியில் சுரங்கத் தொழிலாளர்கள் நச்சுவாயுவைச் சுவாசித்து உழைக்கிறார்கள். நகரின் ஆட்சியாளர் பிளாசஸாக கோரி. பிடிபட்ட கிளர்ச்சிக்காரப் பெண்ணைக் கதிர்களால் வதைத்து, மற்றக் கிளர்ச்சிக்காரர்களின் பெயர்களைச் சொல் என்று கேட்கிறார். பிளாசஸ் கோபப்படுவதில்லை. பண்பாகக் கேட்கிறார், சலிப்போடு கேட்கிறார், பதில் வராதபோது ஏமாற்றமடைந்தவரைப் போலப் பார்க்கிறார். அவர் எதிரே ஸ்பொக்காக நிற்பவர் அவரது மாணவர் நிமோய். கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஒலிவர் குரோஃபர்டும் பட்டியலில் இருந்தவரே. அந்தத் தொடரின் சிறந்த அத்தியாயங்களில் ஒன்றென்று இதைச் சொல்லமாட்டேன். அரங்கம் அட்டைப்பெட்டி போல இருக்கிறது, முடிவும் அவசரம். ஆனால் பெயர் கேட்பவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்த ஒருவர் அங்கே நடித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு ஓயவில்லை. 1970இல் 'லிட்டில் பிக் மேன்' படத்தில் வைல்ட் பில் ஹிக்கொக். 'நைட் கலரி' தொடரின் சில கதைகளை இயக்கினார். எண்பதுகளில் 'கொனான் த டிஸ்ரோயர்', தொண்ணூறுகளில் 'பபிலோன் 5'. கிடைத்ததைச் செய்தார், நல்லதும் உண்டு, சாதாரணமானதும் உண்டு. வகுப்பையும் விடவில்லை. 2002 ஓகஸ்ட் 16ஆம் திகதி, தனது 88ஆவது வயதில், சான்டா மொனிகாவில் காலமானார். ஒஸ்கார் பரிந்துரை எதுவும் அவருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

மகளோடு சேர்ந்து எழுதிய நினைவுக் குறிப்புகள் அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல், கென்டக்கி பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தன. அவரைப் பார்க்க விரும்புவோர் 'ஹோம் ஒஃப் த பிரேவ்' படத்திலிருந்து தொடங்கலாம். நேரம் குறைவானவர்கள் 'செகண்ட்ஸ்' படத்தின் கோழிச் சாப்பாட்டுக் காட்சியையாவது பாருங்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது கொஞ்சம் பொறுத்திருங்கள். அவரது பெயர் பெரும்பாலும் கீழ்வரிசையில்தான் இருக்கும்.